கை மாறிய கைக்குட்டை

ஒதெல்லோவுக்குத் தலைவலி. நெற்றியில், இங்கேதான் வலிக்கிறது என்கிறான். ராத்திரி கண்விழித்ததால் வந்திருக்கும், இறுக்கிக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும் என்று சொல்லி, மனைவி டெஸ்டிமோனா தன் கைக்குட்டையை எடுத்து அவன் தலையில் கட்டப் போகிறாள். சின்னதாக இருக்கிறது, போதாது என்று அவன் தள்ளிவிடுகிறான். கைக்குட்டை தரையில் விழுகிறது. அதை விடு, வா உள்ளே போகலாம் என்கிறான். இருவரும் போய்விடுகிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ', மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. மேடையில் இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. நாடகம் முடியும்போது ஒரே கட்டிலில் மூன்று பிணங்கள் கிடக்கும்.

நாடகம் பார்த்தவர்களைக் கேட்டால், கைக்குட்டையை இயாகோ திருடினான் என்பார்கள். வில்லன் என்று ஒருவன் அகப்பட்டுவிட்டால் எல்லாப் பற்றையும் அவன் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு வசதி. ஆனால் இயாகோ அதைத் திருடவில்லை. கீழே விழச் செய்தவன் ஒதெல்லோ. எடுத்தவள் எமிலியா. இயாகோவின் கைக்கு அது மூன்றாவதாகத்தான் வருகிறது.

அவன் உண்மையிலேயே திருடிய கதை ஒன்று முன்னால் இருந்தது. ஜிரால்டி சிந்தியோ என்ற இத்தாலியர் 1565-இல் வெளியிட்ட 'ஹெக்கட்டோமித்தி' என்ற கதைத் தொகுப்பில், மூன்றாம் பத்தின் ஏழாம் கதை. அதில் பெயர் உள்ளவள் டிஸ்டிமோனா ஒருத்திதான். மற்றவர்கள் வெறும் மூர், கொடிக்காரன், படைத்தலைவன் என்றே வருகிறார்கள். இயாகோவின் இடத்தில் இருக்கிற கொடிக்காரனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. டிஸ்டிமோனா அவன் வீட்டுக்கு வந்திருக்கும்போது குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுக்கிறான். அவள் அதை மார்போடு அணைத்துக் கொஞ்சுகிற நேரம் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவிக்கொள்கிறான். சுத்தமான பிக்பாக்கெட். அந்தக் கதையில் கொடிக்காரனுக்குப் பதவி ஆசை எதுவும் கிடையாது. டிஸ்டிமோனாமேல் ஆசைப்பட்டு, அது நடக்காமல் போன வெறுப்புதான். கைக்குட்டையைத் தன் படுக்கையில் கண்டெடுத்த படைத்தலைவனும் யோக்கியன். இது டிஸ்டிமோனாவுடையதாயிற்றே என்று அடையாளம் கண்டு, திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக் கொல்லைப்புறம் வரை போகிறான்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையில் கை வைத்த இடங்களைப் பார்த்தால் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரியும். குழந்தையை எடுத்துவிட்டார். திருட்டையும் எடுத்துவிட்டார். கைக்குட்டை ஒரு கை தள்ளித் தரையில் விழுகிறது. விழுந்ததை ஒருத்தி எடுக்கிறாள், ஒருவன் பிடுங்குகிறான், இன்னொருவன் யாருடையது என்று கேட்காமல் வைத்துக்கொள்கிறான். ஒருவன் தலையில் மொத்தமாக இருந்த குற்றத்தைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டார். கூடவே, சிந்தியோவிடம் இல்லாத ஒன்றைத் தாமே சேர்த்தார்: ஒரு காலிப் பதவி.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கைக்குட்டை என்பது மூக்கைத் துடைக்கிற சமாச்சாரம் மட்டுமில்லை. மூன்று நான்கு அங்குலச் சதுரத்தில், ஓரமெல்லாம் தையல் வேலை செய்து, மூலைக்கு மூலை குஞ்சம் வைத்துக் காதலிகள் கொடுப்பார்கள். ஆண்கள் தொப்பியில் செருகிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். 1604 நவம்பர் 1 அன்று லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் இந்த நாடகம் நடந்தது. இதன் அரங்கேற்றம் பற்றிக் கிடைக்கிற முதல் பதிவு அதுதான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு கைக்குட்டை யார் கையில் இருக்கிறது என்பது சாதாரண விஷயமாக இருந்திருக்காது. அதில் ஸ்ட்ராபெரிப் பழங்கள் பூவேலையாகப் போட்டிருக்கிறது என்று வேறு நாடகம் சொல்கிறது. இங்கிலாந்துப் பெண்கள் விரும்பித் தைத்த உருவம் அது.

ஆனால் கைக்குட்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒதெல்லோ இரண்டு கதை சொல்கிறான். டெஸ்டிமோனாவை மிரட்டும்போது சொல்வது முதல் கதை. எகிப்துக்காரி ஒருத்தி, மனசில் இருப்பதைப் படித்துவிடக்கூடிய மாந்திரீகக்காரி, தன் தாய்க்குக் கொடுத்தாளாம். இருநூறு வயதான குறிசொல்லி ஒருத்தி ஆவேசத்தில் தைத்ததாம். பட்டு நூற்ற புழுக்கள்கூடப் புனிதமானவையாம். கன்னிப்பெண்களின் இதயங்களிலிருந்து எடுத்துப் பதம்செய்த சாயத்தில் தோய்த்ததாம். இது கையில் இருக்கிறவரை கணவன் மனைவியின் பிடியில் இருப்பான். தொலைத்தாலோ யாருக்காவது கொடுத்தாலோ அவளைக் கண்டாலே வெறுத்துவிடுவான். கடைசிக் காட்சியில், எல்லாம் முடிந்த பிறகு, அதே கைக்குட்டையை என் அப்பா என் அம்மாவுக்குக் கொடுத்த பழைய நினைவுப் பொருள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறான். எகிப்துக்காரி காணாமல் போய்விட்டாள்.

எது உண்மை என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று படுகிறது. முதல் கதையில் ஒதெல்லோவுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மந்திரம் துணியில் இருந்தால், துணி போனதும் அன்பு போனது என்று ஆகிவிடும். மனசை மாற்றிக்கொண்டவன் தான் என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் துணியைத் தரையில் தள்ளிவிட்டது தன் கைதான் என்பது அவனுக்கு ஞாபகம் வருவதே இல்லை.

இனி எமிலியா. இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் தோழி. கீழே கிடந்ததை எடுத்ததும் அவள் வாயில் வருகிற முதல் பேச்சு சந்தோஷம். புருஷன் இதைத் திருடித் தரச் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறான். டெஸ்டிமோனா இதை உயிராக வைத்திருக்கிறாள், முத்தமிடுகிறாள், இதோடு பேசுகிறாள் என்பதும் எமிலியாவுக்குத் தெரியும். இந்தப் பூவேலையை நகல் எடுத்து இயாகோவுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறாள். அவன் என்ன செய்வான் என்பது கடவுளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, அவன் ஆசையைத் தீர்த்துவைப்பதுதான் என் வேலை என்று சொல்லிக்கொள்கிறாள். அப்போது இயாகோ வருகிறான். வந்ததும் முட்டாள் பெண்டாட்டி என்று ஒரு குத்தல். இதற்கு என்ன தருவாய் என்று இவள் கொஞ்சிக் கேட்கிறாள். பிடுங்கிக்கொள்கிறான். முக்கியமான காரியம் இல்லையென்றால் திருப்பிக் கொடு, பாவம், காணோம் என்றால் அவள் பைத்தியமாகிவிடுவாள் என்கிறாள். உனக்கெதற்கு, ஒன்றும் தெரியாத மாதிரி இரு, போ. போய்விடுகிறாள்.

ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குகிற மனைவி செய்த காரியம் இது. இதற்காக அவளைத் தண்டிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அடுத்த காட்சியில் டெஸ்டிமோனா நேரே அவளிடம் கேட்கிறாள்: எமிலியா, அந்தக் கைக்குட்டையை எங்கே தொலைத்திருப்பேன்? தெரியாது அம்மா என்கிறாள் எமிலியா. சில நிமிஷங்களில் ஒதெல்லோ வந்து கைக்குட்டை எங்கே, கைக்குட்டை எங்கே என்று கத்துகிறான். எமிலியா அங்கேயேதான் நிற்கிறாள். அவன் போனதும், இந்த ஆளுக்குச் சந்தேகம்தானே என்று டெஸ்டிமோனாவிடம் கேட்கவும் செய்கிறாள். நாடகத்திலேயே மிகக் கனமான பொய் இயாகோவுடையது இல்லை, இந்தத் 'தெரியாது'தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இயாகோவின் பொய்கள் எத்தனையோ ஜோடனையோடு வருகின்றன. இது ஒரு வார்த்தை. அந்த இடத்தில் 'என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்' என்று சொல்லியிருந்தால் ஐந்தாம் அங்கமே தேவைப்பட்டிருக்காது.

டெஸ்டிமோனாவும் தன் பங்குக்கு ஒரு பொய் சொல்கிறாள். தொலைந்ததா என்று ஒதெல்லோ கேட்கும்போது, தொலையவில்லை, தொலைந்திருந்தால்தான் என்ன என்கிறாள். பயத்தில் வந்த பொய். அதோடு விட்டிருக்கலாம், பேச்சை மாற்றுவதாக நினைத்து, துணைத்தளபதி வேலை போன காசியோவுக்காக மறுபடி சிபாரிசு செய்கிறாள். அவன் கைக்குட்டை என்கிறான், இவள் காசியோ என்கிறாள். மாற்றி மாற்றி.

மறுபடி இயாகோவின் கைக்கு வருவோம். எமிலியாவை விரட்டிவிட்டுத் தனியே நிற்கிறவன் தன் திட்டத்தைச் சொல்கிறான்: காசியோ தங்கியிருக்கிற அறையில் இதைப் போட்டுவிடுவேன், அவன் கண்டெடுப்பான். சொல்லி முடிப்பதற்குள் ஒதெல்லோ வந்துவிடுகிறான். இயாகோ மேடையை விட்டு இறங்கவே இல்லை. டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று இயாகோ மூட்டிவிட்ட சந்தேகத்துக்கு ஒதெல்லோ சாட்சி கேட்கிறான், கண்ணால் பார்க்கிற சாட்சி. இயாகோ முதலில், காசியோ தூக்கத்தில் உளறினான் என்று ஒரு கனவுக் கதை விடுகிறான். பிறகு மெதுவாக, ஸ்ட்ராபெரி போட்ட கைக்குட்டை ஒன்றை உங்கள் மனைவி கையில் பார்த்திருக்கிறீர்களா என்கிறான். நான் கொடுத்த முதல் பரிசு அதுதான் என்கிறான் ஒதெல்லோ. அதைக்கொண்டு இன்று காசியோ தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்கிறான் இயாகோ. அந்த நேரத்தில் கைக்குட்டை இயாகோவின் உடம்பில்தான் இருக்கிறது. காசியோவின் அறைக்கு அது இன்னும் போகவே இல்லை. ஒதெல்லோ கையை நீட்டினால் எட்டுகிற தூரம்.

இருவரும் மண்டியிட்டுச் சபதம் செய்கிறார்கள். மூன்று நாளைக்குள் காசியோவைத் தீர்த்துக்கட்டுவதாக ஏற்பாடு. காட்சி முடிகிற இடத்தில் ஒதெல்லோ அவனைத் தன் துணைத்தளபதி ஆக்கிவிடுகிறான். நாடகத்தின் முதல் காட்சியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: இந்தப் பதவிக்காக வெனிஸின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் ஒதெல்லோவிடம் சிபாரிசுக்குப் போனார்கள், காரியம் நடக்கவில்லை, போர்க்களத்தில் படை நடத்திப் பார்க்காத ஃபிளாரன்ஸ்காரன் காசியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இயாகோ புலம்பத் தொடங்குகிறான். மூன்று பெரிய மனிதர்களால் வாங்கித்தர முடியாததை ஒரு துண்டுத் துணி வாங்கித் தந்துவிட்டது. கவிஞர் கோல்ரிட்ஜ் இயாகோவைப் பற்றி, காரணம் இல்லாத தீமை தனக்குத்தானே காரணங்களைத் தேடிக்கொள்கிறது என்கிற பொருளில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அரசாங்க அலுவலகத்திலோ கம்பெனியிலோ பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டப்பட்ட நாளில் முகங்களைப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாக அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்டது கிடைத்த பிறகும் இயாகோவால் நிறுத்த முடியவில்லை என்பது வேறு விஷயம். சொன்ன பொய்யை இனி உயிரோடு வைத்திருக்க வேண்டுமே. காசியோவும் ஒதெல்லோவும் நேருக்கு நேர் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் இவன் கதை முடிந்தது.

காசியோவின் அறையில் கிடந்த கைக்குட்டையைக் காசியோ எடுக்கிறான். யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. சிந்தியோவின் படைத்தலைவனைப் போல அடையாளம் காணவில்லை. பூவேலை பிடித்துப்போகிறது. உடையவர் எப்படியும் தேடி வருவார், அதற்குள் ஒரு நகல் எடுத்துவிடலாம் என்று தன் ஆசைநாயகி பியாங்காவிடம் கொடுக்கிறான். இன்னொருத்தி கொடுத்ததோ என்று அவளுக்குச் சந்தேகம். எடுத்துப் போனவள், நான் ஏன் நகல் எடுக்க வேண்டும் என்று திரும்பிவந்து அவன் முகத்தில் அடிக்காத குறையாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இத்தனை பேர் நகல் எடுக்க நினைத்தும் கடைசிவரை ஒரு தையல்கூட விழவில்லை.

பியாங்கா அதை வீசுகிற இடத்தில்தான் ஒதெல்லோ ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் வருவது இயாகோவின் திட்டத்தில் இல்லை, குருட்டு அதிர்ஷ்டம். கண்ணால் பார்க்கிற சாட்சி கேட்டவனுக்கு அது கிடைத்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் காசியோ போனதும் ஒதெல்லோ இயாகோவிடம் கேட்கிற கேள்வியைக் கவனிக்க வேண்டும்: அது என்னுடையதா? தான் கொடுத்த முதல் பரிசு, அம்மா வைத்திருந்தது, இவ்வளவு பெரிய புராணம் சொன்ன பொருள். அதைப் பார்த்து இவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்கிறவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறான். உங்களுடையதேதான் என்று கைமேல் சத்தியம் செய்கிறான் அவன்.

எமிலியாவுக்கும் இடையில் இன்னொரு சந்தர்ப்பம் வருகிறது. யாரோ ஓர் அயோக்கியன், ஏதோ பதவி பிடிப்பதற்காக, இந்த அவதூறைக் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைத் தூக்கில் போடுங்கள் என்று கத்துகிறாள். பக்கத்திலேயே இயாகோ நிற்கிறான். பதவி என்பதுவரை சரியாகச் சொல்லிவிட்ட அவளுக்குக் கைக்குட்டை ஞாபகம் வரவில்லை. அல்லது வந்தும் வாயைத் திறக்கவில்லை. நடிகைகள் இந்த இடத்தை இரண்டு விதமாகவும் செய்யலாம். ஷேக்ஸ்பியர் எதையும் முடிவு செய்து வைக்கவில்லை.

அவள் வாய் திறப்பது டெஸ்டிமோனா செத்த பிறகு. காசியோவின் கையில் கைக்குட்டையைப் பார்த்தேன் என்று ஒதெல்லோ சொன்ன கணத்தில் எல்லாம் புரிந்துவிடுகிறது. இயாகோ வாளை உருவி மிரட்டுகிறான், அவள் நிறுத்தவில்லை. நான்தான் கண்டெடுத்தேன், நான்தான் என் புருஷனிடம் கொடுத்தேன் என்று தன் பங்கையும் சேர்த்தே சொல்கிறாள். இயாகோ குத்திவிடுகிறான். என்னை என் எஜமானி பக்கத்தில் கிடத்துங்கள் என்கிறாள்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே மதுரை ஞாபகம் வராமல் இருக்காது. அங்கேயும் ஒரு பொருள், ஒரு பொற்கொல்லனின் பொய், விசாரிக்காமல் கொடுத்த தண்டனை. சிலம்பை உடைத்து உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்ப்பது கோவலன் செத்த பிறகுதான். மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் பொற்கொல்லன்மேல் பழி போட்டுக்கொண்டு நிற்கவில்லை. தானே கள்வன் என்று சொல்லி அங்கேயே சாய்ந்துவிடுகிறான். ஒதெல்லோவும் தன்னைக் குத்திக்கொண்டு சாகிறான். ஆனால் அதற்கு முன்னால் நீளமாகப் பேசுகிறான்: சுலபத்தில் சந்தேகப்படாதவன், பிறர் மூட்டிவிட்டதால் நிலைகுலைந்தவன் என்று என்னைப் பற்றி எழுதுங்கள் என்கிறான். இது தன்னைத்தானே தேற்றிக்கொள்கிற பேச்சு என்று டி. எஸ். எலியட் 1927-இல் சொன்னபோது பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு எலியட் சொன்னதில் பாதி சரியென்று படுகிறது. தானே தன் கழுத்தில் கத்தி வைத்துக்கொள்ளப் போகிறவனிடம் மீதிப் பாதியைக் கறாராகக் கேட்க மனம் வரவில்லை.

நாடகத்துக்கு வெளியே கைக்குட்டை பட்ட பாடு வேறு. 1693-இல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா, இந்த நாடகத்துக்குக் கைக்குட்டையின் துயரக்கதை என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று கிழித்துத் தொங்கவிட்டார். குடும்பப் பெண்கள் துணிமணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை என்றும் எழுதினார். கைக்குட்டைக்குப் பதில் காலுறை கட்டுகிற பட்டியாவது தொலைந்திருந்தால் சந்தேகப்பட நியாயம் உண்டாம். நகைச்சுவையான மனிதர். ஆனால் அற்பமான பொருளாக இருப்பதால்தான் ஒவ்வொரு கையும் அதை யோசிக்காமல் வாங்கி யோசிக்காமல் கொடுக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை. வைர அட்டிகை கீழே கிடந்தால் எமிலியா ஓடிப்போய்க் கொடுத்திருப்பாள்.

பிரான்சில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 1792-இல் ஜான்-பிரான்சுவா டூசி எழுதிய 'ஒதெல்லோ'வில் கைக்குட்டை கிடையாது. தலையில் கட்டுகிற வைரப் பட்டிகைதான். துன்பியல் மேடையின் கௌரவத்துக்குத் துணி சரிப்படாது. 1829-இல் ஆல்ஃபிரெட் த வீன்யி உண்மையான கைக்குட்டையை பாரிஸ் மேடைக்குக் கொண்டுவந்தபோது அரங்கில் ரகளை. இத்தாலியில் ரோசினியின் 1816 இசைநாடகத்தில் கைக்குட்டை போய், ஒரு கடிதம் வந்தது. 1887-இல் மிலானில் அரங்கேறிய வெர்டியின் 'ஒடெல்லோ'வில் கைக்குட்டை திரும்பியது. ஆனால் எமிலியா அதை ஆசையாகக் கொடுப்பதில்லை. தர மாட்டேன் என்கிறாள், இயாகோ மிரட்டிப் பறித்துக்கொள்கிறான். அந்த ஒரு மாற்றத்தில் எமிலியா பாதி விடுதலையாகிவிடுகிறாள், இயாகோவின் சுமை கூடிவிடுகிறது. சிந்தியோவின் கொடிக்காரனை நோக்கி ஓர் அடி பின்னால் போன மாதிரி.

அதன் நிறம் பற்றிக்கூடச் சண்டை ஓயவில்லை. வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளிகள், முதலிரவுப் படுக்கையின் சாயல் என்று 1975-இல் லிண்டா பூஸ் எழுதிய கட்டுரையை வெகுகாலம் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பதப்படுத்திய பிணங்களிலிருந்து எடுத்த சாயம் என்றால் அது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று 2013-இல் இயன் ஸ்மித் எழுதினார். வெள்ளை என்று நாமாகவே எப்படி முடிவுகட்டினோம் என்பது நல்ல கேள்வி.

நம் பக்கம் வந்தபோது அது உருவமே மாறிவிட்டது. ஜெயராஜ் 1997-இல் எடுத்த மலையாளப் படமான 'களியாட்ட'த்தில் தெய்யக் கலைஞன் மனைவிக்குக் கொடுக்கிற பட்டு. விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா'வில் (2006) பரம்பரை ஒட்டியாணம். 'ஓம்காரா'வில் பதவிப் போட்டி உத்தரப் பிரதேசத்து அரசியல் அடியாள் கூட்டத்துக்குள் நடக்கிறது. தலைவனுக்கு அடுத்த இடம் தனக்குத்தான் என்று காத்திருந்த லங்டா தியாகி, அது கேசுவுக்குப் போவதைப் பார்க்கிறான். எமிலியாவின் இடத்தில் லங்டாவின் மனைவி இந்து. ஒட்டியாணத்தை எடுத்தது தான்தான் என்று கடைசியில் அவளும் சொல்கிறாள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் உண்மையைச் சொன்ன மனைவி சாகிறாள், இயாகோ காயத்தோடு உயிர் பிழைக்கிறான். இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான், அவனுக்கு என்ன தண்டனை என்று முடிவுசெய்கிற பொறுப்பு, சைப்ரஸின் புதிய ஆளுநராகிவிட்ட காசியோவிடம் போகிறது. பரத்வாஜ் அந்தப் பொறுப்பை இந்துவிடம் கொடுத்துவிட்டார். அவள் யாரையும் கேட்கவில்லை. புருஷனின் கழுத்தை அறுத்துவிடுகிறாள்.